வர்ணப் படம் மட்டும் போதுமா?

கைத் தொலைபேசி தரையில் விழுந்து மோதும் நேரம் சில மில்லி செகண்டுகளே. அதற்குள் அதன் உடலில் நடப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, வர்ணப் படமாக நிதானமாய் ஓட்டிக் காட்டும் வித்தை எஞ்சினீயர்களுக்குக் கைவந்திருக்கிறது. இதன் பூர்வீகம் அவ்வளவு சாதுவானதல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976-ல் உருவாக்கிய ‘டைனா 3டி’, தாழப் பறந்து போடும் அணுகுண்டு தரையில் மோதினால் என்ன ஆகும் என்று அறிவதற்காகப் பிறந்தது. அதன் வாரிசுதான் இன்று மோட்டார் காரை மோதிப் பார்க்கிறது.

வித்தை அருமையானது, வம்பு படத்தில் இருக்கிறது. அழுத்தம் மிகுந்த இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம் என்பது வழக்கம். எந்த அளவுக்குச் சிவப்பு? அதைக் கம்ப்யூட்டரின் இஷ்டத்துக்கு விட்டால், அந்தந்தப் படத்தின் உச்சத்துக்கே சிவப்பைப் பூசிவிடும். உறுதியான பெட்டியும் சிவக்கும், நொறுங்கப்போகும் பெட்டியும் அப்படியே சிவக்கும்! கணக்கோ லட்சக்கணக்கான படிகளில் நடக்கிறது; படமாகச் சேமிப்பது நூறோ இருநூறோதான். உச்ச அடி இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது.

கணக்கைக் காட்டும் விதம் உயிர்ப் பிரச்னை என்பதற்குக் கொலம்பியா விண்கலம் சாட்சி. 2003 ஜனவரி 16-ல் அது கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. பழைய சோதனைகளைக் கொண்டு அமைத்த கணக்குமுறையால் சேதத்தை மதிப்பிட்டு, அதிகாரிகளுக்குத் திரையில் காட்டினார்கள். தலைப்பு தைரியம் சொல்லும் தோரணையில் இருந்தது. அடிவரியிலோ, சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியது சுமார் 1,920 கன அங்குலம் என்ற விவரம்! 640 மடங்கு வித்தியாசத்துக்கு உரிய இடம் அதுதானா? பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் மாண்டனர். ஜூலை 7-ல் சான் அன்டோனியோவில் அசல் இறக்கைப் பலகை மீது நுரைத் துண்டைப் பீரங்கியால் ஏவிப் பார்த்தபோது, சுமார் 16 அங்குல ஓட்டை விழுந்தது.

மோதல் படம் எதுவானாலும், சிவப்பின் அளவு என்ன, எத்தனை நேரத்துக்கு ஒரு படம், எந்த அசல் சோதனையோடு ஒத்துப் பார்த்தது என்ற விவரங்கள் படத்தின் மேலேயே, கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாத படத்தை மேலதிகாரி திருப்பி அனுப்புவதே முறை. அது எத்தனை அழகாக இருந்தாலும் சரி.