பழைய காருக்கு வயதுச் சான்று: பெயிண்டுக்கு முன்னால் பதிவேடு

கேள்வி: எங்கள் தாத்தா 1968-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது என்று லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகன் சொல்கிறான். ஆர்.சி. புத்தகத்தில் முதல் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. "வேறு புத்தகம் போட்டுத் தருகிறேன், முதலில் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக் கொண்டு வாருங்கள்" என்கிறார் புரோக்கர். தம்பியோ எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான். என்ன செய்யலாம்?
- கோபி வட்டார வாசகர்

பதில்: அக்கா மகன் சொன்னது சரிதான். ஆனால் அது பிரிட்டன் நாட்டுச் சட்டம், நமக்குப் பொருந்தாது.

அங்கே தயாராகி 40 ஆண்டு ஆன வாகனத்துக்குச் சாலை வரி விலக்கு உண்டு. ஒவ்வோர் ஏப்ரல் 1-ம் தேதியும் கணக்கு ஓராண்டு நகரும். 2025 ஏப்ரல் 1 முதல், 1985 ஜனவரி 1-க்கு முன் தயாரான வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. தயாரான தேதி தெரியாவிட்டால், 1985 ஜனவரி 8-க்கு முன் முதல் பதிவு ஆகியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வண்டிக்கு வயதாகிவிட்டதாலேயே விலக்கு தானாக வந்துவிடாது, உரிமையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் வயது சரியாக இல்லையென்றால் தயாரிப்பாளரின் பழைய பேரேட்டிலிருந்து சான்று வாங்குவார்கள். மோரிஸ், எம்.ஜி., ட்ரையம்ப் போன்ற கார்களின் தொழிற்சாலைப் பேரேடுகளைக் கேடன் என்ற ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகம் காத்து வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று தருகிறது.

இனி நம் நாட்டு விதி. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வாகனத்துக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளும் கார்களும் அதில் வரும். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் பழையபடியே இருக்க வேண்டும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாக எண் வாங்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களை நன்றாகக் கவனியுங்கள். முதலாவது, இப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். இரண்டாவது, இந்த விதி சாலை வரி விலக்குத் தருவதில்லை. வரி மாநில அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்குப் பசுமை வரி என்று கூடுதலாகத்தான் கேட்கிறார்கள். ஆகவே வரி மிச்சமாகும் என்று எண்ணி 20,000 ரூபாயை எடுத்து வைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு வரி பாக்கி எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து வயதுக்கு வருவோம். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லிவிடலாம். காருக்கு அப்படிச் சொன்னால் அலுவலகத்தில் எடுபடாது. பிரிட்டனில் தயாரான தேதி கணக்கு, நமக்கு முதல் பதிவுத் தேதி கணக்கு. உங்கள் கார் சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டதால் அங்கிருந்து கடிதம் வாங்க வழியில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேடுதான் உங்களுக்கு மூலப்பத்திரம் மாதிரி. கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

1. வண்டியைத் தேய்க்காதீர்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் உள்ள இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் படக்கூடாது. எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். தகட்டையும் வண்டியையும் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

2. வீட்டில் தேடுங்கள். பழைய வரி வில்லை, இன்சூரன்ஸ் தாள், வாங்கிய ரசீது, கடன் பத்திரம் எது கிடைத்தாலும் சேருங்கள். கரையான் அரித்த புத்தகத்தில் மிஞ்சிய பக்கங்களையும் தூக்கிப் போடாதீர்கள். வண்டி எண் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

3. முதல் பதிவு எந்த அலுவலகம் என்று கண்டுபிடியுங்கள். ஈரோடு மாவட்டம் கோவையிலிருந்து பிரிந்தது 1979-ல்தான். 1968-ல் கோபியில் வாங்கிய கார் அன்றைய கோவை மாவட்டக் கணக்கில் ஏறியிருக்கும். நாமக்கல் வாசகர்கள் சேலத்திலும், திண்டுக்கல் வாசகர்கள் மதுரையிலும் இதேபோல் தேட வேண்டியிருக்கலாம்.

4. அந்த அலுவலகத்தில் வண்டி எண்ணைக் குறிப்பிட்டு 'பி ரிஜிஸ்டர்' நகல் கேளுங்கள். முதல் பதிவுத் தேதி, சேசிஸ் எண், உரிமையாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. பதிவேடும் பென்சில் அச்சும் ஒத்துப்போனால், தாத்தா பெயரிலிருந்து மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 தேவைப்படும். ஆர்.சி. நகலுக்குப் படிவம் 26. இவை முடிந்த பிறகு விண்டேஜ் பதிவுக்கு 'பரிவாகன்' இணையதளம் வழியாகப் படிவம் 20-ல் விண்ணப்பிக்கலாம். காருக்கு இன்சூரன்ஸும் கட்டாயம்.

புரோக்கர் சொன்ன "வேறு புத்தகம்" வேண்டவே வேண்டாம். இன்னொரு வண்டியின் புத்தகத்தை வைத்து, அதிலுள்ள எண்ணை உங்கள் சேசிஸில் அடித்துத் தருவது குற்றம். மாட்டிக்கொண்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும். முதலில் தேய்க்கச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. எண் அழிந்துவிட்டால் அசல் பதிவேடு கிடைத்தாலும் அது இந்த வண்டிக்கு உரியதுதான் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தால், "பழையபடியே இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையில் சிக்கல் வரும். பணம் கட்டும் முன் அதைக் கேட்டுத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். பழைய டிராக்டர் இந்த விண்டேஜ் விதியில் வராது.

கடைசியாக உங்கள் தம்பியின் யோசனை. பதிவேட்டு நகல் வரும் வரை எடைக்குப் போட வேண்டாம். இரும்பாக விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. பதிவை ரத்து செய்யாமல் விற்றால் அந்த எண் தாத்தா பெயரிலேயே நிற்கும், நாளை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நகல் வந்த பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஊர்வலத்துக்கு எடுத்துப் போகும் ஆசையும், பழுது பார்க்க வசதியும் இருந்தால் பதியுங்கள். இல்லையென்றால் நகலையும் காரையும் சேர்த்து, பழைய கார் பராமரிக்கத் தெரிந்த ஒருவருக்கு முறைப்படி பெயர் மாற்றிக் கொடுங்கள். வயதுக்குச் சான்று உள்ள காரை யாரும் இரும்பு விலைக்குக் கேட்க மாட்டார்கள்.