மலையில் நிற்பது குற்றமா?

சிங்கப்பூரின் காட்டுப் பாதைகளில் விடியற்பொழுதில் ஓடுவோர் இன்று பலர். அவர்களிடையே ஒரு வழக்கும் ஓயாமல் நடக்கிறது. ஓடுகிறவர் ஒருவர் இடையில் நின்று, இடுப்புப் பையிலிருந்து சிறு படக்கருவியை எடுத்து, ஒரு வேரையோ காளானையோ படமெடுத்துவிட்டால் போதும். உடன் வந்தோர் முகம் சுளிக்கின்றனர். "ஓட வந்தவன் ஓட வேண்டும், படமெடுக்க வந்தவன் நிற்க வேண்டும், இரண்டையும் கலப்பவனுக்கு இரண்டுமே வாய்க்கா" என்பது அவர்கள் தீர்ப்பு. முக்காலியும் நீண்ட வில்லையும் சுமந்து வரும் படக்கலைஞரோ, "வியர்வை சொட்டும் கையால் எடுப்பதெல்லாம் ஒரு படமா?" என்கிறார். வீட்டுப் பெரியோரின் தீர்ப்பு மூன்றாவது. இரண்டும் வீண்வேலை, அந்த நேரத்தில் ஒரு பாடத்தையாவது படித்திருக்கலாம் என்று அவர்கள் முடித்துவிடுகின்றனர்.

மூன்று தீர்ப்புகளும் பிழையானவை. முதல் தீர்ப்பினர்க்குத் தம் பயிற்சியே தெரியவில்லை. இரண்டாமவர்க்குக் காடு தெரியவில்லை. மூன்றாமவர்க்குப் பாடம் என்பது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

பயிற்சியை முதலில் நோக்குக. அலுவலகம் செல்லும் ஓர் ஓட்டக்காரரின் வாரம் ஏறத்தாழ இப்படி அமையும். திங்கள் ஓய்வு. செவ்வாய், மெல்லோட்டம். புதன், புக்கிட் தீமா மலையின் செங்குத்தான தார்ச்சாலையில் விரைந்து ஏறுவதும் மெல்ல இறங்குவதுமாகப் பலமுறை. வியாழன் மீண்டும் மெல்லோட்டம். வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டுவழியில் பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடிய ஓட்டம். ஞாயிறு, கால்களின் இறுக்கம் தளர மற்றொரு மெல்லோட்டம். ஓடும் நாள் ஐந்தில் மூச்சு வாங்கும் நாள் ஒன்றே. ஏனைய நான்கும் பேசிக்கொண்டே ஓடத்தக்க நாள்கள்.

இது சோம்பேறிகள் வகுத்த கணக்கன்று. உலகத் தரத்து நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்னும் உடலியல் அறிஞர், அவர்களுடைய பயிற்சிகளில் நூற்றுக்கு எண்பது அளவில் மென்மையானவையே என்று கண்டார். அவருக்கு முன்னரே, நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு தம் மாணவர்களை ஆக்லாந்தையடுத்த மலைவழியில் 22 மைல் ஓடவைத்தார். அவர்களுள் ஒருவரான பீட்டர் ஸ்னெல் ஓடிய பந்தயமோ 800 மீட்டர்தான். அவர் 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்; அதே நாளில் அதே ஆசிரியரின் மற்றொரு மாணவரான மரி ஹால்பர்கு 5,000 மீட்டரில் வென்றார். மெல்லோட்டத்தில்தான் தசைகளுக்குள் குருதி பாயும் நுண்குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை ஆக்கும் இழைமணிகள் பல்குகின்றன. எலும்பும் தசைநாரும் மெல்லத் திறம் பெறுகின்றன. இவை அவசரத்துக்குக் கட்டுப்படுவன அல்ல.

இதை அறிந்தும் பெரும்பாலோர் செவ்வாயன்றும் வியாழனன்றும் மெல்ல ஓடுவதில்லை. ஏன்? மணிக்கட்டிலுள்ள கடிகாரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை நிமிடம் என்று கணக்குக் காட்டுகிறது. அக்கணக்கை நண்பர்கள் பார்ப்பார்கள். நேற்றைவிட இன்று குறைந்தால் மானம் போயிற்று! ஆகவே எளிதாக ஓட வேண்டிய நாளில் அரைக்கடுமையாக ஓடுகின்றனர். புதன்கிழமை முழுக்கடுமையாக ஏற வேண்டிய மலையில் களைத்துத் தள்ளாடுகின்றனர். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் இத்தவறு இருமடங்காகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, உடல் குளிர்வதில்லை, ஓட்டம் மெதுவாக இருந்தாலும் இதயம் விரைந்து துடிக்கிறது. குளிர்நாட்டு நூல்களில் குறித்த வேகத்தை இங்கே பிடிக்க முயல்வது பேதைமை.

இந்நோய்க்குப் படக்கருவியைவிட எளிய மருந்து இல்லை. எதையேனும் காண வேண்டும் என்று புறப்பட்டவர் விரைய மாட்டார். அரை நிமிடம் நின்றால் இதயத்துடிப்புத் தாழ்ந்து பயிற்சி கெடும் என்பர் சிலர். புதன்கிழமைக்கு அது முழு உண்மை. அன்று படக்கருவி வீட்டில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்கு அது பொருந்தாது. அன்றைய பயனைக் கெடுப்பது நிற்றல் அன்று. நின்றதை ஈடுகட்டுவதற்காக அடுத்த மேட்டில் பாய்ந்து ஓடுவதே கெடுக்கிறது. அப்படிப் பாய்பவர் நின்றதால் கெட்டவர் அல்லர். கடிகாரத்தால் கெட்டவர்.

ஓட்டம் என்றால் போட்டி ஒன்றே என்று நினைப்போர்க்கு ஒரு செய்தி சொல்லலாம். 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்னும் கணக்காயரும் அவர் நண்பர்களும், ஒருவர் முன்சென்று காகிதத் துண்டுகளைத் தூவிவைக்க மற்றவர் தடம் தேடி ஓடும் குழுவொன்றைத் தொடங்கினர். 'ஹாஷ்' ஓட்டம் என்று இன்று உலகின் பல நாடுகளிலும் வழங்குவது அதுவே. அங்கே முன்னோடுபவர் பொய்த்தடத்தில் சென்று மீள்வார். பின்தங்கியவர் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார். வேகத்துக்குப் பரிசில்லை. (ஓடி முடித்தபின் அவர்கள் அருந்தியதை மாணவர்க்குப் பரிந்துரைப்பதற்கில்லை.) இம்மண்ணில் காட்டோட்டம் தொடங்கியது தேடலாகத்தான், கடிகாரம் பின்னால் வந்தது.

இனிப் படக்கலைஞரின் ஏளனம். மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் ஒளி, மரமுடிகளின்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. புக்கிட் தீமாவின் வாயில் காலை 7 மணிக்குத் திறக்கிறது. இங்கே கதிரவன் எழுவதும் ஏறத்தாழ அப்பொழுதுதான். அவ்வேளையில் அடிக்காடு இருண்டு கிடக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டுவந்த வில்லைமீது உடனே பனி படரும். துடைத்தால் மீண்டும் படரும். கருவி வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒளி போதாமையால் திரை முப்பதில் ஒரு நொடி திறந்திருக்க நேரும். ஓடிவந்த மூச்சு அடங்காமல் அழுத்தினால் படம் கலங்கும். ஆகவே ஓடுபவர் நின்று, முழங்கையை விலாவில் ஊன்றி, மூச்சு அடங்கும்வரை எதிரிலுள்ளதை உற்று நோக்குகிறார். படம் நன்றாக வராமல் போகலாம், பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் வேர்மேல் ஊரும் எறும்பு வரிசையை அவர் பார்த்துவிட்டார்.

நீண்ட வில்லைக்காரர் கிளையிலமர்ந்த ஒரு பறவைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது போற்றத்தக்க பொறுமை. அப்பொறுமை இல்லாத சிலரும் அவர்களுள் உண்டு என்பதுதான் குறை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுப்பதும், புழுவை வைத்து வரவழைப்பதும், இரவில் உலவும் விலங்கின் கண்ணில் ஒளிவெட்டைப் பாய்ச்சுவதும் கலையாகா. சிங்கப்பூரில் காட்டுயிர்க்கு இரையிடுவது 2020ஆம் ஆண்டு முதல் சட்டப்படியும் குற்றம். குரங்குக்குப் பழம் கொடுத்துப் படமெடுப்போரும் அச்சட்டத்துக்குள் அடங்குவர்.

இதே புக்கிட் தீமாவுக்கு 1854இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். பெரும்பாலானவை ஒரு சதுர மைல் அளவுள்ள காட்டுத்துண்டிலேயே கிடைத்தன. மரம் வெட்டுவோர் விட்டுச்சென்ற பட்டையிலும் மரத்தூளிலும் அவர் தேடினார். மலையின் உயரம் வெறும் 163 மீட்டர். இன்று இருபது நிமிடத்தில் ஏறி இறங்கி, "மலையை முடித்தாயிற்று" என்போர் உளர். எதை முடித்தார்கள்?

நின்று படமெடுக்கும் ஓட்டக்காரர்க்காக இவ்வளவு வாதாடியபின், அவர் செய்யும் குற்றத்தையும் மறைத்தல் கூடாது. அவருடைய கருவி காட்டை நோக்காமல் அவர் முகத்தையே நோக்குமாயின் மேற்சொன்ன வாதம் அனைத்தும் வீழ்ந்துபடும். மலை அங்கே திரைச்சீலை. நல்ல பின்னணி வேண்டிப் பாதையைவிட்டு ஈரடி உள்ளே வைக்கிறார். அடுத்தவர் மூன்றடி வைக்கிறார். மிதிபட்ட இடத்தில் நாற்று முளைப்பதில்லை, மண் இறுகுகிறது, மழை வந்தால் நீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது, வேர் வெளிப்படுகிறது. சேற்றுக்கு அஞ்சிப் பாதையோரமாக ஓடுகிறவர் பாதையை அகலமாக்குகிறார். இது கற்பனை அச்சமன்று. புக்கிட் தீமா இயற்கைவனம் 2014 செப்டம்பரில் சீரமைப்புக்காக மூடப்பட்டது. சரிவுகளை உறுதிப்படுத்தவும் தேய்ந்த பாதைகளைச் செப்பனிடவும் இரண்டாண்டுகள் சென்றன. 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. தரைமேல் உயர்த்திய மரப்பாதையும் கைப்பிடியும் இன்று சில இடங்களில் இருப்பது ஏன் என்று ஓடுவோர் எண்ணிப்பார்க்கலாம். அவை மனிதக் காலைத் தடுக்க வந்தவை.

அந்தக் காடு முன்பே புண்பட்டது. 1986இல் திறக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, மலைக்காட்டையும் நடு நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாக வெட்டியது. 2013இல்தான் அச்சாலையின் குறுக்கே விலங்குகள் கடப்பதற்கென மரம் நட்ட பாலமொன்று முடிக்கப்பட்டது. எறும்புண்ணியும் புனுகுப்பூனையும் அதன்வழி கடக்கின்றன. பொதுமக்களுக்கு அங்கே வழி இல்லை. ஓடவும் இல்லை, படமெடுக்கவும் இல்லை. அப்படி ஓரிடம் இருப்பது நல்லது.

எஞ்சியது பெரியோரின் தீர்ப்பு. பள்ளிகளில் படக்கட்டுரை எழுதும் வழக்கம் உண்டு. காட்டைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் பலர் எழுதுவது என்ன? காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புகிறான்; குயில்கள் இன்னிசை பாடுகின்றன; மயில் தோகை விரித்தாடுகிறது. புக்கிட் தீமாக் காட்டுக்குள் பொற்கதிர் பரவுவதில்லை. துண்டு துண்டாக விழுகிறது. மயில் அக்காட்டுப் பறவையன்று. குயிலின் குரல் காட்டைவிட அடுக்குமாடி வீடுகளுக்கிடையேதான் ஓங்கிக் கேட்கிறது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் பறவை காக்கை இருக்குமிடத்தைத்தானே நாடும்! அவ்வாறு எழுதிய மாணவன் பொய்யனல்லன். அவனுக்குச் சொற்கள் கொடுக்கப்பட்டன; காடு காட்டப்படவில்லை. அக்கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்துவிடுவதால் அவன் காட்டுக்குச் செல்ல வேண்டிய தேவையும் எழுவதில்லை. தமிழில் காட்டைப் பற்றிய சொற்களுக்குப் பஞ்சமில்லை. அடவி, கானகம், வனம் எனப் பெயர்களை அடுக்கத் தெரிந்த மாணவனுக்கு, விழுந்த மரத்தில் விசிறிபோல் முளைத்திருப்பது காளான் என்று தெரியாதிருப்பது யார் குறை?

அதே மாணவனை ஒரு சனிக்கிழமை காலை ஆசிரியர் மெக்ரிட்சிக்கு அழைத்துச் செல்லட்டும். ஓடட்டும், இயலாதவன் நடக்கட்டும். பாதையைவிட்டு இறங்காமல், எவ்வுயிர்க்கும் இரை வைக்காமல், தன் முகத்தைப் படமெடுக்காமல், ஒரே ஒரு படம் எடுத்துவரச் சொல்லட்டும். கலங்கியிருந்தாலும் தாழ்வில்லை. திங்களன்று வகுப்பில் அந்தப் படத்தை மேசைமேல் வைத்து, அதில் உள்ளதை மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொல்லட்டும். முதல் வரியிலேயே அவன் திணறுவான், "சார், இந்த வேருக்கு என்ன பெயர்?" என்று கேட்பான். ஆசிரியருக்கும் தெரியாமலிருக்கக் கூடும். அடுத்த சனிக்கிழமை இருவருமாகப் போய்ப் பார்க்கலாம்.