அன்றாட எழுத்துக்கு உலோகப் பேனை உகந்ததா?

பென்சிலை விட்டுப் பேனையைக் கையில் எடுக்கும் நாள் மாணவன் வாழ்விலே ஒரு முக்கியமான நாளாகும். அன்று தொடக்கம் அவன் தன் எழுத்துக்குத் தானே பொறுப்பாளி. அழித்தழித்து எழுதும் சலுகை அவனுக்கு இனி இல்லை. இதனாலேயே போலும், பரிசளிப்பு விழாவிலும், ஆசிரியர் இளைப்பாறும்போது நிகழும் பிரியாவிடை வைபவத்திலும், பழைய மாணவர் ஒருவர் உயர்பதவி பெற்றதற்கான பாராட்டுக் கூட்டத்திலும் பேனையைப் பரிசாக வழங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அவ்வாறு வழங்கும்போது நாம் பெரும்பாலும் தெரிவது பளபளக்கும் உலோகப் பேனையையே. பல்லாயிரம் ரூபா விலையுடைய அப்பேனை வெல்வெட்டுப் பெட்டியிலே சபைக்கு வருகின்றது, கரகோஷம் எழுகின்றது, பெற்றவர் அகமகிழ்கின்றார். ஆனால் மறுநாட் காலையில் அவர் எழுதுவது பழைய பேனையினாலேதான். புதியது அலுமாரியுள் அடைக்கலம் புகுந்துவிடுகின்றது.

இஃது ஏன்? விலையுயர்ந்த உலோகப் பேனை அன்றாட எழுத்துக்கு ஏற்றதா, அன்றா? அற்ப விடயமென்று சிலர் நகைக்கக்கூடும். எனினும், எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்க்கும், மூன்று மணித்தியாலம் இடைவிடாது எழுதிப் பரீட்சையிலே தம் எதிர்காலத்தைத் தேடும் மாணவர்க்கும் இஃது அற்பமன்று. ஆதலின், இதனை நிதானமாக ஆராய்தல் நன்றென யாம் கருதுகின்றோம்.

உலோகத்தால் எழுதுதல் தமிழர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுதிய எழுத்தாணி இரும்பினாலாயது. மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என அதிலே வகைகளும் இருந்தன. ஓலை வாரும் கத்தியைத் தன்னோடு கொண்டவை சில. கொண்டை பருத்துக் கனத்தவை சில. பிடியிலே நுட்பமான வேலைப்பாடு அமைந்த எழுத்தாணிகளை நூதனசாலைகளில் இன்றும் காணலாம். ஆகவே, எழுதுகருவியை அழகுசெய்து பார்க்கும் ஆசை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று.

ஆனால் எழுத்தாணியின் கனத்துக்குத் தக்க காரணம் இருந்தது. அது மையால் எழுதும் கருவியன்று. ஓலையைக் கீறும் கருவி. கீறுதற்கு விசை வேண்டும். கருவியின் பாரம் அவ்விசைக்குத் துணைநின்றது. அன்றியும், எழுதுவோர் இடக்கையில் ஏந்திய ஓலையின்மேல் எழுத்தாணியை வைத்து, அதனை இடக்கைப் பெருவிரலிலே சார்த்திக்கொண்டனர். எழுத எழுத ஓலையை நகர்த்தினர். அதனால் பாரம் முழுவதும் வலக்கை விரல்களுக்கு உரியதாகவில்லை. எழுதி முடிந்தபின் கரியும் பச்சிலைச் சாறும் பூசிய பின்னரே எழுத்துக் கண்ணுக்குத் தெளிவாயிற்று.

ஊற்றுப்பேனையின் நியாயம் இதற்கு மாறானது. 1884ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மன் என்பார் காப்புரிமை பெற்ற பேனையிலே, நிப்பின் கீழ் அமைந்த நுண்ணிய கால்கள் வழியே மை கீழிறங்க, அதற்கீடாகக் காற்று மேலேறிற்று. ஊற்றுப்பேனைகள் இன்றும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன. நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவினூடே மயிர்த்துளைத்தன்மையால் மை தானே முனைக்கு வருகின்றது. தாளைத் தொட்ட மாத்திரத்தே பதிகின்றது. இங்கே அழுத்தம் வேண்டுவதில்லை. கை வழிகாட்டினாற் போதும். அழுத்தம் வேண்டாத இடத்திலே பாரத்துக்கு வேலை இல்லை. எழுத்தாணிக்குத் துணைவனாயிருந்த பாரம் ஊற்றுப்பேனைக்கு வெறுஞ் சுமையாகி விடுகின்றது.

இவ்விடத்திலே குமிழ்முனைப் பேனையையும் நோக்குக. லாஸ்லோ பிரோ என்னும் ஹங்கேரியர் 1938ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற அப்பேனையில் தடித்த மையும் உருளும் குண்டும் உள. குண்டு உருள வேண்டுமாயின் தாளிலே சற்று அழுத்தவேண்டும். அவ்வகையில் அஃது எழுத்தாணிக்கு ஓரளவு உறவு. உலோக உடல் அதற்குப் பொருந்துமென்றால் யாம் மறுக்கமாட்டோம். ஊற்றுப்பேனைக்கே அவ்வாதம் பொருந்தாது.

இனிப் பாரத்தின் அளவைப் பார்ப்போம். ஒரு கன சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் ஏறக்குறைய 1.2 கிராம் எடையுடையது. அதே அளவு அலுமினியம் 2.7 கிராம், தைத்தேனியம் 4.5 கிராம், உருக்கு 8 கிராம் வரை, பித்தளை 8.5 கிராம், வெள்ளி 10 கிராமுக்கு மேல். கவர்ச்சியான மெருகுப் பூச்சுடைய பேனைகள் பலவற்றின் உள்ளே இருப்பது பித்தளையே. ஆதலால், சாதாரண பிளாஸ்டிக் பேனை 15 முதல் 20 கிராம் வரையில் நிற்க, தடித்த பித்தளைப் பேனை 40 கிராமையும் கடந்துவிடுகின்றது. கடைக்காரர் மேசையிலே ஒரு கையொப்பமிட்டுப் பார்க்கும்போது இக்கனம் கம்பீரமாகத் தோன்றும். மூன்றாம் பக்கத்திலே பெருவிரல் அதன் உண்மையை உணரும். உலோக மூடியைப் பின்புறத்தே செருகி எழுதுவோர்க்கு இடர் இன்னும் அதிகம். பாரத்தின் மையம் பின்னே போய்விடுதலின், எழுதுவோர் பேனை பின்சாயாதவாறு முன்புறத்தை இறுக்கிப் பிடிக்க நேரிடும். இறுகிய பிடியே விரல்நோவுக்கு வித்து.

உலோகப் பேனைகள் யாவும் இத்தகையனவோ எனின், அல்ல. தக்க உதாரணம் ஒன்று தருவோம். 1888ஆம் ஆண்டிலே தோன்றிய பார்க்கர் நிறுவனம், தனது 75ஆம் ஆண்டு நிறைவின் பெயரால் 1960களிலே ‘பார்க்கர் 75’ என்னும் பேனையை வெளியிட்டது. அதன் வெள்ளிப் பேனை 25 டொலர் விலையிலே விற்கப்பட்டது; அக்காலத்தில் அது பெருந்தொகை. நூற்றுக்கு 92.5 பங்கு தூய வெள்ளி கொண்ட உடலிலே சதுரக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அப்பேனையிலே நாம் கவனிக்கவேண்டியது வெள்ளியன்று. விரல் பிடிக்கும் பாகத்தை அமைத்தோர் வெள்ளியால் அமைக்கவில்லை. மூன்று விரல்களும் வழுக்காது அமர்தற்கேற்ற முப்பட்டையும் வரிகளும் உடைய கரிய பிளாஸ்டிக்கால் அமைத்தனர். எழுதுவோர் தத்தம் கைச்சாய்வுக்கேற்ப நிப்பைத் திருப்பிக்கொள்ளவும் வகைசெய்தனர். திருப்பும் அளவைக் காட்டக் கோடிட்ட வளையமும் வைத்தனர். வெள்ளியை விற்க வந்தவர்களே விரல் படும் இடத்தில் வெள்ளியை ஒதுக்கினார்கள் என்பது நமக்கு நல்ல பாடம்.

அதே நிறுவனம் 1965ஆம் ஆண்டிலே வேறொன்றும் செய்தது. 1715ஆம் ஆண்டிலே புளோரிடாக் கரையோரத்திற் புயலிற் சிக்கி மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட வெள்ளியைக் கொண்டு 4,821 பேனைகளை ஆக்கி விற்றது. அவை இன்று சேகரிப்போர் கைகளில் உள. அவற்றின் பெறுமதி வெள்ளியின் வரலாற்றுக்கு உரியது, எழுத்துக்கு உரியதன்று. அத்தகைய பேனையைப் பேணி வைத்தல் தவறன்று. அது பேணுதற்கு உரியது, இஃது எழுதுதற்கு உரியது என்ற வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே.

நம் நாட்டுச் சுவாத்தியத்தையும் மறத்தலாகாது. கடற்காற்றும் வியர்வையும் உலோகத்துக்குப் பகை. பித்தளையிற் களிம்பேறுவதும், வெள்ளி கறுப்பதும், மெருகுப் பூச்சுப் புள்ளிவிழுந்து உரிவதும் நாம் வீட்டிலே காணாதன அல்ல. குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவது போலப் பேனையை நாள்தோறும் விளக்க முடியாது. மெருகேற்றிய உலோகத்தை வியர்த்த விரல் பற்றினால் வழுக்கும். மேலும், உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து வெயிலுக்கு வருவோரது சட்டைப்பையிலே பேனையும் சூடேறும். உள்ளே மை பாதியாய்க் குறைந்திருப்பின், மிகுதி இடத்திலுள்ள காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பிளாஸ்டிக் பேனையிலும் இது நிகழும். ஆயினும் உலோக மெல்லுடலிலே விரைவாக நிகழும்.

பேனையின் உயிர் நிப்பிலே உள்ளது. 18 கரட் பொன்னிலே நூற்றுக்கு 75 பங்கும், 14 கரட் பொன்னிலே ஏறக்குறைய 58 பங்கும் தூய பொன். மையின் புளிப்புப் பொன்னை அரிப்பதில்லை என்பதே பொன்னின் சிறப்பு. ஆனால் தாளைத் தொடுவது பொன்னன்று. முனையிலே பொருத்தப்பட்டுள்ள கடினமான கலப்புலோக மணியே தாளைத் தொடுகின்றது. நல்ல உருக்கு நிப்பிலும் அத்தகைய மணி உண்டு. அது செவ்வனே தீட்டப்பட்டிருப்பின் பொன் நிப்புக்கு நிகராகவே எழுதும். தமிழ் எழுதுவோர் இன்னுமொன்று நோக்கவேண்டும். நம் எழுத்து சுழியும் வளைவும் நிறைந்தது. ண, ஞ, ணை, கூ என்பவற்றைச் சிறிய வரியிலே அகன்ற நிப்பால் எழுதினால், சுழிகள் மையால் அடைபட்டுவிடும்; ஒற்றின் புள்ளியும் பொட்டாகிவிடும். நமது அப்பியாசக் கொப்பித் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் இயல்பினதாயின் கேடு இரட்டிப்பாகும். ஆகவே, நுண்முனை நிப்பே நமக்கு ஏற்றது. உலோக உடலுக்குப் பெரும் பொருள் கொடுப்போர் நிப்பின் அளவைக் கேட்காமலே வாங்குதல் விந்தையே.

அன்றாட எழுத்துக்குப் பேனை தெரிவோர் செய்யவேண்டிய சோதனைகள் எளியன. மை நிரப்பி, நாம் வழக்கமாக எழுதும் தாளிலே, மூடியின்றி ஒருமுறையும் மூடியைச் செருகி ஒருமுறையும் இரண்டு பக்கம் தமிழிலே எழுதுக. விரல் வழுக்குகின்றதா, பிடி இறுகுகின்றதா என நோக்குக. எப்பக்கம் வளைத்தாலும் நிப்புத் தாளைக் கீறாது ஓடுகின்றதா என்று காண்க. இரவு முழுவதும் மூடிவைத்து, காலையில் எடுத்தவுடன் முதலெழுத்துத் தடையின்றி வருகின்றதா எனப் பார்க்க. இந்நான்கிலும் தேறிய பேனை உலோகமாயினும் ஏற்கத்தக்கது. தேறாதது பொன்னாயினும் விலக்கத்தக்கது.

உலோகப் பேனையின் சார்பிலே சொல்லத்தக்கனவும் உள. நிலத்தில் விழுந்தால் அதன் உடல் எளிதிலே வெடிப்பதில்லை. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லும் உறுதி அதற்கு உண்டு. குமிழ்முனைப் பேனையால் அழுத்தியெழுதிப் பழகிய கைக்கு, ‘அழுத்தாதே, என் பாரமே போதும்’ என்று கற்பிக்கும் ஆசானாகவும் அஃது அமையலாம். கையொப்பத்துக்கும் சிறு கடிதத்துக்கும் அது மிக ஏற்றது. சிலர் கைக்குக் கனமே இனிது. இவற்றை யாம் மறுக்கவில்லை. நாள் முழுவதும் எழுதுவோர்க்கு அதனையே முதற்கருவியாகக் கொடுத்தல் தகாது என்பதே எமது துணிபு.

இதனை வலியுறுத்துதற்கு வேறொரு காரணமும் உண்டு. விலையுயர்ந்த பேனையால்தான் எழுத்து அழகாகும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவுதல் நன்றன்று. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1970 முதல் 1977 வரையான காலத்திலே படித்தவர்களை எண்ணுக. கையிலிருந்த ஒரே பேனையைக் கழுவித் துடைத்துப் பேணி, அதனாலேயே கல்லூரிக் கல்வியை முடித்தோர் பலர் இம்மலரைப் படிக்கின்றார்கள். அவர்களுடைய கையெழுத்தின் அழகு பயிற்சியால் வந்தது; பணத்தால் வந்ததன்று. வசதியற்ற பிள்ளையொருவன் பரிசு மேடையிலே மின்னும் பேனையைக் கண்டு தன் பேனையை நினைந்து நாணுவானாயின், நாம் வழங்கிய பரிசு பரிசன்று.

ஆதலின், எமது பழைய மாணவர் சங்கத்துக்கும் கல்லூரி அதிபர் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஓர் உலோகப் பேனைக்குச் செலவிடும் பணத்துக்கு, நல்ல நுண்முனை நிப்பும் இலகுவான உடலும் உடைய பேனைகள் பலவற்றை வாங்கலாம். பரிசு பெறும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பேனையும் ஒரு மைப்போத்தலும் கொடுங்கள். இளைப்பாறும் ஆசிரியர்க்குப் பேனை வழங்குவதாயின், அவர் எவ்வாறு எழுதுவார், எந்நிப்பை விரும்புவார் என்று முன்னரே விசாரித்து வாங்குங்கள். அவ்விசாரிப்பே அவருக்குச் செய்யும் மரியாதையின் பாதியாகும்.

அலுமாரியிலே உலோகப் பேனை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். அதனை வெளியே எடுங்கள். உறைந்த மையைக் கொதிநீரால் அன்றிச் சாதாரண நீரால் பலமுறை கழுவுங்கள். சித்திர வேலைக்குரிய இந்தியன் மையை ஒருபோதும் ஊற்றாதீர்கள்; அது நுண்கால்களை அடைத்துவிடும். பின்னர் நல்ல மையூட்டி, உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் இன்றும் எங்கேனும் இருப்பாராயின், அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு அப்பேனை சாலப் பொருந்தும்.