ஒதுக்குதலும் அறமே

ஈதல் அறம் என்பதை நம் நாட்டில் மறுப்பார் இலர். ஈந்த பொருளை வகைப்படுத்தி, வேண்டுவார்க்கு வேண்டுங்காலத்துக் கைக்கெட்டுமாறு அடுக்கி வைத்தலும் அறந்தானோ என வினவின், பலர் நகைப்பர். அது கூலியாள் செய்யும் வேலை என்பர். அமெரிக்க நாட்டிலோ வீட்டையும் அலுவலகத்தையும் ஒழுங்குசெய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் 1985-ஆம் ஆண்டிலேயே தமக்கெனச் சங்கம் கண்டனர். அவருட் சிலர் ஆண்டிற் சில நாள் ஊதியம் பெறாது அறநிலையங்களின் பண்டகசாலைகளை ஒதுக்கித் தருகின்றனர்.

இதனை வீண் ஆடம்பரம் என்று எண்ணுவோர், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளுக்குப் பின் நம் கடற்கரையில் நிகழ்ந்ததை நினைவுகூர்வாராக. ஆழிப்பேரலையால் அல்லலுற்றார்க்கென வந்திறங்கிய பழந்துணிகள் நாகப்பட்டினம் முதலிய இடங்களிற் சாலையோரத்தே குவிந்து கிடந்தன. நல்லனவும் கிழிந்தனவும் மீனவப் பெண்டிர் உடுத்த இயலாதனவும் ஒன்றாய்க் கலந்திருந்தன. உழைத்து உண்ட மக்கள் பிறர் கழித்த கந்தையைத் தெருவில் பொறுக்க நாணினர், அந்நாணம் நியாயமேயன்றோ? தில்லியில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பினர் அத்தகைய துணிகளை ஏற்றுப் பிரித்து, உடுத்தற்காவனவற்றை வேறாக்கி, எஞ்சிய பருத்தித் துணியைத் தூய்மை செய்து, பெண்கள் மாதவிடாய்க் காலத்துக் கொள்ளும் அணையாடையாக்கினர். கொடுத்தவர் எண்ணாததைப் பிரித்தவர் எண்ணினர்.

நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியிலுள்ள ஒரு கஞ்சித்தொட்டியில், மாலையுணவிற்கு 90 நிமிடம் வரை காத்துநின்ற ஏழைகள், டொயோட்டா கம்பெனியின் பொறியாளர் வரிசையைத் திருத்தியபின் 18 நிமிடத்தில் உணவு பெற்றனர் என 2013-இல் செய்தி வந்தது. பசித்தவனுக்கு நிமிடங்களும் சோறுதான்.

எனினும், ஒதுக்கப் புகுந்தவர் அனைவரையும் கண்மூடி நம்புதல் தகாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழைய ஏடுகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை ஆகம விதி என்று சொல்லித் தீயிலிடப்பட்ட செய்தி கேட்டு நெஞ்சு புண்ணானார். இட்டவரும் கோயிலைத் தூய்மை செய்ததாகவே கருதியிருப்பர்! எவ்வளவு தமிழ் அன்று சாம்பலாயிற்றோ, அறிவார் யார்?

ஆதலின் உவரி போன்றதோர் ஊருக்கு இத்தகைய அன்பர்கள் வருவராயின், ஊராரை உடன்வைத்தே வேலை தொடங்குக. பட்டணத்தார்க்குக் கிழிந்த வலை குப்பை. எங்கள் கரையில் அது தோட்டத்திற்கு வேலி, கோழிக்கு அடைப்பு. அறுந்த கயிற்றிலும் பாதிக்குப் பயனுண்டு. பழங்கணக்குப் புத்தகம் ஒன்றில் எவர் பாட்டனின் பெயர் இருக்கிறதோ? எதைக் கழிப்பது என்று முடிவுசெய்ய, அப்பண்டகசாலையிற் பொருள் பெறும் பெண்களுள் இருவரேனும் அங்கே அமர்ந்திருத்தல் வேண்டும். வந்தவர் முறை சொல்லட்டும். முடிவை இவர் சொல்லட்டும்.

இன்னொன்று. ஒதுக்கிய இடம் மூன்று மாதத்தில் மீண்டும் நிரம்பாதிருக்க வேண்டுமாயின், வாயிலில் நின்று, “ஐயா, இது எங்களுக்கு வேண்டா” என்று கொடுப்பவரிடமே சொல்ல ஒருவர் வேண்டும். நம் கல்லூரி மாணவர் பத்துப்பேர் விடுமுறையில் ஒருவாரம் வந்து துணி பிரிக்க முன்வருவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாயிலில் நிற்பவர் யாரென்பதே கேள்வி.