செவியும் ஒரு வாயில்

மாலையில் விளக்கேற்றியதும் பல இல்லங்களில் பாடம் படிக்கும் ஒலி எழுகின்றது. சில இல்லங்களில் அழுகுரல் எழுகின்றது. கேட்ட கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்தவுடன் திகைக்கின்றது. நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தோன்றுகின்றது. தந்தை சினக்கின்றார், தாய் வருந்துகின்றாள், 'உன் தம்பியைப் பார்' என்னும் சொல் பிறக்கின்றது. அந்த ஒரு சொல், படிக்க இயலாமையினும் கொடிது என்பேன்.

இக்குறை புதிதன்று. 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். 7 வயது முதல் பயின்றும் அவனால் மிக எளிய சிறு சொற்களுக்கு மேல் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். ஆனால், 749ஐ 867ஆல் விரைந்து பிழையின்றிப் பெருக்கினான்! பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின், பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனே என்று அவனுடைய ஆசிரியர் கூறினாராம்.

மார்கன் 'பிறவிச் சொற்குருடு' எனக் குறித்த அந்நிலை, இன்று டிஸ்லெக்சியா எனப்படுகின்றது. கற்றல் குறைபாடுகளுள் ஒன்று. கண்ணிலோ அறிவிலோ பழுதில்லை. எழுத்தை ஒலியோடு இணைப்பதிலேதான் இடர். 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், ஒலியோ ஒன்றே. நமக்கு எளிதாகிவிட்ட இந்த இணைப்பு, அப்பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதுப் போராட்டம். குடும்ப வழியாகவும் இக்குறை வருவதுண்டு. சினக்கும் தந்தையார் தம் பள்ளிப் பருவத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்பது நலம்.

சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் காட்டியும், மணலில் விரலால் எழுதச் செய்தும் பொறுமையாகப் பயிற்றினால் பிள்ளை முன்னேறும். மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்த முறையே அன்றோ? ஆயினும் பயன் விரைவில் கிட்டாது, ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வரலாறும் அறிவியலும் அப்பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டுமா? வேண்டா என்பதே என் கருத்து. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். வீட்டார் படித்துக் காட்ட, பிள்ளை கேட்டுக் கற்கட்டும்.

அவ்வாறு செய்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்பாரும் உளர். மூக்குக்கண்ணாடி அணிந்தவனை, பார்ப்பதற்குச் சோம்புகின்றான் என்று எவரேனும் கூறுவரோ? நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே இக்குறையை ஏற்றுக்கொண்டது. உங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் அளிக்கப்பட்டால், அதனைச் சலுகை என்று முணுமுணுக்காதீர்கள்.

வரலாற்றுப் பாடம் ஒன்றை உரக்கப் படிக்க அரைமணி நேரம் போதும். அக்காள் படிக்கலாம், எழுத்தறிந்த பாட்டியும் படிக்கலாம். அக்காள் படித்தால், அவளுக்கும் அப்பாடம் மனத்தில் பதிந்துவிடும்.