30 பக்கம் போதும்!

அன்புக் குட்டீஸ்,

"கதைப் புத்தகமா? போர்!" என்கிறீர்களா? கீழே வைக்கவே மனம் வராத புத்தகம் இன்னும் உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்!

1881-ல் ஸ்காட்லாந்தில் விடாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த வளர்ப்பு மகனோடு ஸ்டீவன்சன் பொழுது போக்கியபோது ஒரு தீவின் வரைபடம் உருவானது. அதிலிருந்து பிறந்ததுதான் 'புதையல் தீவு'. எழுத எழுத அவர் வாசித்துக் காட்ட, அவருடைய அப்பாவும் சிறுபிள்ளை போல் ஆவலோடு கேட்டாராம்!

ஜூல்ஸ் வெர்னின் '80 நாட்களில் உலகைச் சுற்றி' நாவலில், இந்தியாவில் ரயில் பாதை பாதியில் நின்றுவிட, நாயகன் யானை மேல் ஏறிப் புறப்படுவார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்த வாரத் தொடர். ஐந்து பாகமா என்று மலைக்காதீர்கள். வந்தியத்தேவனின் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

எந்தப் புத்தகமானாலும் 30 பக்கம் படியுங்கள். பிடிக்கவில்லையா? மூடிவிட்டு வேறு எடுங்கள், தப்பே இல்லை. பிடிக்காததைக் கட்டாயத்துக்குப் படித்தால், புத்தகம் என்றாலே கசந்துவிடும்.

பெற்றோரே, தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமே விடுங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்