சுவருக்கு அப்பால் கேட்ட குரல்

1988 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி, நெல்சன் மண்டேலாவின் 70 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு இலண்டன் வெம்ப்ளி அரங்கில் மாபெரும் இசைவிழா ஒன்று நடைபெற்றது. மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். மேடையேறவிருந்த ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்கு வேண்டிய பாகம் ஒன்று காணாமற்போனதால் அவரால் குறித்த நேரத்தில் பாட முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக, ஏற்கெனவே பாடிவிட்டுச் சென்றிருந்த 24 வயதுக் கறுப்பினப் பெண்ணொருவர் மீண்டும் அழைக்கப்பட்டார். கையில் ஒரு கிற்றார் மாத்திரமே. பல்லாயிரக்கணக்கானோர் திரண்டிருந்த அரங்கு அவருக்குச் செவிசாய்த்தது. அவர்தான் ட்ரேசி சப்மன்.

அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான அவரது முதலாவது இசைத்தட்டுக்கு அவருடைய பெயரே தலைப்பு. அதிலுள்ள 11 பாடல்களையும் எழுதியவர் அவரே. அந்த விழாவுக்குப் பின்னர் அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனையில் முதலிடத்தைப் பிடித்தது. 1989 இல் மூன்று கிராமி விருதுகள் அவருக்குக் கிடைத்தன.

அந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசுபவர்கள் புரட்சியைப் பற்றிய அதன் முதற்பாடலையே பெரும்பாலும் குறிப்பிடுவர். எனது அபிப்பிராயம் வேறு. அதன் உண்மையான பலம், கோஷம் எழுப்பாத பாடல்களிலேயே இருக்கின்றது. 'ஃபாஸ்ட் கார்' பாடலில் வரும் பெண், குடிகாரத் தந்தையைப் பராமரிப்பதற்காகப் படிப்பைக் கைவிடுகிறாள். காதலனோடு ஊரைவிட்டு வெளியேறுகிறாள். ஈற்றில் அவனும் தந்தையைப் போலவே ஆகிவிடுவதைக் காண்கிறாள். வறுமை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன பாடல்கள் மிகச் சிலவே.

'பிஹைண்ட் த வோல்' என்ற பாடலுக்கு வாத்தியமே இல்லை. அடுத்த வீட்டில் அடிவாங்கும் பெண்ணின் அலறலை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் சாட்சியம் அது. பொலிஸாரை அழைத்துப் பயனில்லை. கணவன் மனைவி விவகாரத்தில் அவர்கள் தலையிடுவதில்லை. கடைசியில் அலறல் ஓய்ந்து அம்புலன்ஸ் வருகிறது.

அந்நாட்களில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வடக்கு, கிழக்கில் இந்தியப் படை, தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி. நண்பர் ஒருவர் தந்த கசற்றில் இந்தப் பாடலை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது போர் அல்ல. 'குடும்பத் தகராறு: பெண் பலி' என்று நானே எத்தனையோ தடவைகள் இட்ட ஒற்றைப் பத்தித் தலைப்புத்தான். கொலையைத் தகராறு என்று எழுதியபோது என் கை நடுங்கியதில்லை. அரசியலே செய்தி, ஏனையவை இடம் நிரப்பிகள் என்று பழகிப்போன மனம் அது.

இலங்கையில் குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கான சட்டம் 2005 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் அந்தத் தலைப்பு எமது பத்திரிகைகளிலிருந்து முற்றாக மறைந்துவிடவில்லை.

2023 இல் லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகர் மீண்டும் பாடியதால் 'ஃபாஸ்ட் கார்' பெரும் வெற்றிபெற்றது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடலுக்கான விருதை வென்ற முதலாவது கறுப்பினப் பாடலாசிரியர் என்ற பெருமை சப்மனுக்குக் கிடைத்தது. 2024 பெப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து அதைப் பாடினர். மகிழ்ச்சிக்குரிய விடயம்தான். ஆனால், வாத்தியமில்லாத அந்த மற்றப் பாடலை எவரும் அவ்வாறு கொண்டாடவில்லை. கொண்டாடுவதற்குரிய பாடலும் அல்ல அது.

விடுதலையைப் பாடிய எமது மேடைகளில் சுவருக்கு அப்பாலிருந்த பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்தது? கவிஞர்களிடம் கேட்பதற்கு முன்னர், செய்தியாளனாகிய நான் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அந்தச் செய்தி என் மேசைக்கு வந்தது. நான்தான் அதை ஒற்றைப் பத்தியில் அடக்கினேன்.